எல்லைக்கு வெளியே இறங்கும் யந்திரங்கள்: சயான் வழியே ஒரு வரலாறு

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசிக்கவும்.

மும்பையின் சயான் ரயில்வே மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 1 அன்று வாகனங்களுக்கு மூடப்பட்டது. 1912-இல் கட்டப்பட்ட பாலம் அது. தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்குச் செல்வோர் எவ்வளவு சுற்ற நேர்ந்தது, எந்தெந்தப் பேருந்துத் தடங்கள் மாறின என்பன குறித்து அப்போது நிறையவே எழுதப்பட்டது. எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. அப்பாலம் தளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மாகிம், தாராவி, மித்தி ஆறு ஆகியவற்றின் அடியில் மெட்ரோ மூன்றாம் தடத்தின் சுரங்கங்கள் குடையப்பட்டன. அவற்றைக் குடைந்த யந்திரங்கள் இந்நகருக்குள் எப்படி நுழைந்தன?

கொலாபாவிலிருந்து பாந்த்ரா வழியாக ஆரே வரை செல்லும் அத்தடத்தின் நீளம் 33.5 கிலோமீட்டர். 17 சுரங்கம் தோண்டும் யந்திரங்கள் அதில் ஈடுபட்டன. கிருஷ்ணா, கோதாவரி, வைன்கங்கா, வைதரணா, சூர்யா என்று ஆறுகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். மாகிமின் நயா நகரில், தாராவிக்குக் கூப்பிடு தூரத்தில் வெட்டப்பட்ட குழிக்குள் கிருஷ்ணா 2017-இல் இறங்கியது. 2018 செப்டம்பரில் விமான நிலையத்தின் அடியில் முதல் சுரங்கம் திறந்துகொண்டது. 2022 இறுதியில் கடைசிச் சுரங்கமும் முடிந்தது. தாராவி நிலையத்தில் 2025 மே 10 முதல் ரயில் நிற்கிறது. இந்தத் தேதிகள் அனைத்தும் பதிவாகியுள்ளன. யந்திரத்துக்கு மாலையிட்ட நாளும் சுவரைப் பிளந்து அது வெளிவந்த நாளும் படங்களோடு கிடைக்கின்றன. கப்பலிலிருந்து குழிவரை அது வந்த இரவுகளுக்கு மட்டும் ஆவணம் அரிது.

அந்த இரவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓரளவு புரியும். மோட்டார் வாகன விதிகளின்படி சாதாரண லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டலாகாது. உயரம் 4 மீட்டர், 2020-க்கு முன் 3.8. சுரங்க யந்திரத்தின் முகப்பிலுள்ள வெட்டுச்சக்கரத்தின் விட்டம் ஆறரை மீட்டரை ஒட்டியது. அதைப் படுக்கவைத்து ஏற்றினால் ஒரு திசையின் இரு தடங்களும் முழுதாக அடைபடும், ஏனெனில் நெடுஞ்சாலையில் ஒரு தடம் மூன்றரை மீட்டர்தான். நிறுத்திவைத்து ஏற்றினாலோ, வண்டித் தளத்தையும் சேர்த்து ஏழரை மீட்டர் உயரம் வரும். நெடுஞ்சாலை மேம்பாலங்களின் அடியில் விடப்படும் இடைவெளி ஐந்தரை மீட்டர். ரயில்வே கடவுகளில் நிறுத்தியிருக்கும் இரும்புச் சட்டத்தின் உயரம் 4.67 மீட்டர். ஆகவே யந்திரத்தைக் கழற்றத்தான் வேண்டும். கவசத்தை வில்வில்லாக, முகப்பை நடுத்துண்டும் ஓரத்துண்டுமாக, முதன்மை இயக்கியைத் தனியாக. எத்தனை துண்டு என்பதை வடிவமைப்பாளர் தம் மேசையிலேயே முடிவு செய்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். வழியிலுள்ள மிகத் தாழ்ந்த பாலமும் மிக நலிந்த பாலமும் அவருக்கு முன்பே அதை முடிவு செய்துவிடுகின்றன.

இனி சயானுக்கு வருகிறேன். இப்பெயரின் மராத்தி வடிவம் சீவ். எல்லை என்பது பொருள். பம்பாய்த் தீவுகள் ஆங்கிலேயர் வசமும் வடக்கே சால்செட் தீவு போர்த்துக்கீசியர் வசமும் இருந்த காலத்தில் இரண்டுக்கும் நடுவிலிருந்த ஊர் இது. ஜெரால்டு ஆங்கியர் ஆளுநராக இருந்தபோது, 1669-க்கும் 1677-க்கும் இடையில், இங்குள்ள சிறு குன்றின்மேல் கோட்டை கட்டப்பட்டது. 1739-இல் சால்செட் மராத்தியர் கைக்குப் போனது; எல்லைக்கு அப்பாலிருந்தவர் மாறினார், எல்லை மாறவில்லை. சீவ் ஐரோப்பியர் வாயில் உருமாறி, ஆங்கில எழுத்தில் நிலைபெற்று, அந்த எழுத்தின் உச்சரிப்பு வழியே தமிழில் சயான் ஆயிற்று. ஜெருசலேமின் சீயோன் மலையிலிருந்து வந்த பெயர் என்றும் ஒரு கதை உண்டு. மொழியியல் படித்தவருக்கு அக்கதையைவிட, ரயில் நிலையப் பலகையில் மராத்தியில் ஒன்றும் ஆங்கிலத்தில் வேறொன்றுமாகத் தெரியும் அந்த இரட்டைப் பெயரே சுவையானது. அன்றாடம் அதன்கீழ் இறங்கும் தமிழர்களில் எத்தனை பேர் எல்லை என்று ஒலிக்கும் ஓர் ஊரில் இறங்குவதாக எண்ணுவார்கள்?

சயானையும் சால்செட்டின் குர்லாவையும் இணைக்கும் கரைச்சாலை 1798-இல் தொடங்கி 1805-இல் முடிந்தது. அப்போதைய ஆளுநர் ஜோனதன் டங்கன். அதற்குமுன் சதுப்பைக் கடக்கப் படகோ, வற்று நேரமோ வேண்டும். கரைச்சாலையில் சுங்கம் வசூலித்தார்கள். 1826-இல் சாலையின் அகலத்தை இரட்டித்தார்கள். 1831-இல் சுங்கத்தை நீக்கினார்கள். வண்டிப் பாதை ஒன்றை இருபதே ஆண்டுகளில் இரட்டிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். சுமை வளர்ந்துகொண்டிருந்தது, சாலை அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இன்றுவரை அந்த வரிசை மாறவில்லை.

கடல்வழி வந்திறங்கிய பெரிய கட்டுமான யந்திரம் ஒன்று பம்பாய்த் தெருக்களில் சென்ற பழைய நிகழ்வாக நான் கருதுவது 1852-ஐச் சேர்ந்தது. போரிபந்தரிலிருந்து தானேவரை முதல் ரயில்பாதை அமைத்துக்கொண்டிருந்த ஒப்பந்ததாரர்கள் மண்ணும் கல்லும் இழுக்க ஒரு நீராவி எஞ்சினை வரவழைத்தனர். ஆளுநர் பெயரால் அதற்கு லார்ட் ஃபாக்லண்ட் என்று பெயர். 1852 பிப்ரவரியில் பைகுல்லாப் பக்கம் அது ஓடத் தொடங்கியது. பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16 அன்றுதான்; அந்த நாளையே நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே ஓர் எஞ்சின் இந்நகரில் புகை விட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அது கட்டுமான யந்திரம், எனவே அது விழா காணவில்லை. தண்டவாளம் இல்லாத நகரில் கரையிலிருந்து பைகுல்லாவரை அதைக் கூலிகளே கயிறு கட்டித் தெருவழியாக இழுத்துச் சென்றார்கள் என்று நகர வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மக்கள் கூடி வேடிக்கை பார்த்திருப்பார்கள். இழுத்தவர்களுடைய ஊரும் பேரும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாதைதான் பின்னர் சயான் சதுப்பில் மண்மேடு கட்டி எல்லையைத் தாண்டிற்று.

அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக ஒரு வசதி இருந்தது. துறைமுகம் நகருக்குள்ளேயே இருந்தது. பிரின்ஸ் டாக் 1880, விக்டோரியா டாக் 1888, இன்று இந்திரா டாக் எனப்படும் அலெக்ஸாண்ட்ரா டாக் 1914. துறைமுக ரயில்பாதை 1915-இல் தொடங்கி வடாலாவில் பெரிய ரயில்பாதைகளோடு கலந்தது. எடைமிகுந்த பெட்டியைக் கப்பலிலிருந்து இறக்கினால் அது ஏற்கெனவே எல்லைக்கு உள்ளே இருக்கும். வெளியே போக வேண்டியதாயின் ரயிலில் போகும். 1938-இல் இரு டேனிஷ் பொறியாளர்கள் பம்பாயில் தொடங்கிய லார்சன் அண்ட் டூப்ரோ, 1945-இல் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் யந்திரங்களை இங்கே விற்கும் உரிமை பெற்றது. நாட்டின் அணைகளுக்கும் சாலைகளுக்கும் மண்வெட்டும் யந்திரங்கள் பெரும் எண்ணிக்கையில் தேவைப்பட்ட காலம் அது.

இந்த ஏற்பாடு 1989 மே மாதம் தலைகீழாயிற்று. தானே கழிமுகத்துக்கு அப்பால், நவா சேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் தொடங்கப்பட்டது. பம்பாய்த் துறைமுகத்தின் நெரிசலைக் குறைப்பது நோக்கம். அது நிறைவேறவும் செய்தது. ஆனால் அங்கிருந்து நகருக்கு வரும் சரக்கு இப்போது நகருக்கு வெளியே இறங்கி, சயான்–பன்வேல் நெடுஞ்சாலை பிடித்து, வாஷிப் பாலத்தில் கழிமுகம் கடந்து, மான்குர்து, செம்பூர் வழியாக சயானை வந்தடைய வேண்டும். 1805-இல் கரைச்சாலை கட்டிக் கரைத்த எல்லை 1989-க்குப் பின் மறுபடி உயிர்பெற்றது என்றே நான் இதை வாசிக்கிறேன். வரியும் அங்கேயே நின்றது. மான்குர்து நாக்காவில் லாரிகள் வரிசையில் நின்று கட்டிய ஆக்ட்ராய், சரக்கு சேவை வரி வந்த 2017 ஜூலை 1 அன்றுதான் ஒழிந்தது. அதாவது, கிருஷ்ணா நயா நகரில் இறங்கிய அதே ஆண்டில். நகர நுழைவாயில் சுங்கம் 2024 அக்டோபரில் கார்களுக்கு நீக்கப்பட்டது. கனரக வண்டிகள் இன்னமும் செலுத்துகின்றன. 1831-இல் சயானில் முடிந்ததாகப் பதிவாகியிருக்கும் கதை சில கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்து நின்றது, அவ்வளவே.

2024 ஜனவரியில் திறந்த அடல் சேது நவா சேவாப் பக்கத்தையும் சிவ்ரியையும் 21.8 கிலோமீட்டரில் நேராக இணைக்கிறது. ஆயினும் அதிலிருந்து இறங்கும் பல அச்சு வண்டிகள் கிழக்கு விரைவுப்பாதையில் ஏற முடியாது. துறைமுகச் சாலைகளில் இறங்கி ஊர்ந்துதான் ஆக வேண்டும். கார்களுக்கு எல்லை அழிந்துவிட்டது. பெருஞ்சுமைக்கு அழியவில்லை.

சுமையைச் சாலைக்கேற்ப வெட்டுவது, சாலையைச் சுமைக்கேற்ப அமைப்பது என இரு மரபுகள் உண்டு. இரண்டாவதைத் தமிழர்கள் நன்கறிவார்கள். தேரோடும் வீதி என்ற தொடரே அதற்குச் சான்று. திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்த நிலையில் ஏறத்தாழ 96 அடி உயரம், 300 டன் எடை. அதற்கு இரும்பு அச்சும் நீரழுத்தத் தடையும் பொருத்தியது திருச்சி பெல் நிறுவனம். தேரை யாரும் துண்டாக்குவதில்லை; நான்கு வீதிகளும் அதன் அகலத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்பவே இருக்கின்றன. திருப்பத்தில் சக்கரத்தின் அடியில் கட்டை போட்டுத் திசை மாற்றும் திறமைசாலிகளை எல்லாரும் மதிக்கிறார்கள். அந்தக் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். பேச்சுவழக்கில் அது வெறும் தடை என்ற பொருளுக்குச் சுருங்கிப்போனதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது தேரை நிறுத்துவதற்கு மட்டுமன்று, திருப்புவதற்கும்தான்.

நவீன இந்தியச் சாலை விதிகளிலும் தேருக்கு நிகரான ஒன்றுண்டு. இந்தியச் சாலைகள் பேரவையின் பாலச் சுமை நெறிமுறையில் 385 டன் எடையுள்ள சிறப்பு வாகனம் ஒன்று கற்பனை செய்யப்பட்டிருக்கிறது: 18 டன் தாங்கும் 20 அச்சுகள், முன்னே இழுவை வண்டி. அது பாலத்தின்மேல் செல்லும்போது நட்டநடுவே செல்ல வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது. பாலத்தில் வேறு வண்டி இருக்கலாகாது. மனிதன் நடக்கும் வேகம். 1852-இல் கயிறு பிடித்துச் சென்ற கூலிகளின் வேகத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. மகாராஷ்டிரத்திலிருந்து திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு, சுமார் 70 டன் எடையுள்ள ஒரு பெருங்கலனை ஏற்றிக்கொண்டு 74 சக்கரங்களோடு 2019 ஜூலையில் புறப்பட்ட வண்டியைப் பலர் நினைவு வைத்திருப்பீர்கள். அது துண்டாக்க முடியாத பொருள். போய்ச்சேர ஓராண்டு ஆயிற்று. இடையில் பெருந்தொற்று ஊரடங்கும் வந்தது. துண்டாக்கக்கூடியதும் கூடாததும் என்ற வேறுபாட்டின் விலை அந்த ஓராண்டு.

இந்தத் தொழிலின் சொற்களைச் சிலகாலமாகச் சேகரித்துவருகிறேன். அளவு மீறிய சரக்கு அனைத்தும் ஓட்டுநர் தமிழில் ஓடிசி. இழுக்கும் வண்டி புல்லர். தாழ்ந்த தளமுடைய வண்டி லோபெட். தோண்டும் யந்திரம் தமிழில் பொக்லைன், மும்பை இந்தியில் போக்லேன். இது பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். அதன் தோண்டும் யந்திரத் தொழில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன. யந்திரம் வேறு யாருடையதாயினும் தாராவியிலும் தர்மபுரியிலும் பெயர் நிலைத்துவிட்டது. ஜேசிபியும் அப்படியே. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் முதலெழுத்துகள் இன்று நம் கிராமத்துக் குழந்தைகளுக்குப் பொதுப்பெயர்.

யந்திரங்களுக்கு அவற்றைச் செய்தவர்களின் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அவற்றை நகர்த்தியவர்களுக்கோ பெயர் ஒரு வகுப்பின் பெயராகவே நிற்கிறது. கலாசி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரபு மூலம் கொண்டு இந்துஸ்தானி வழியாக வந்தது. 1886-இல் வெளியான ஹாப்சன்–ஜாப்சன் அகராதி இதற்குக் கூடாரம் அடிப்பவர், நில அளவையில் சங்கிலி பிடிப்பவர், மாலுமி என்று பல பொருள்கள் தருகிறது. கேரளத்தின் பேப்பூரில் கப்பியும் வடமும் கொண்டு உருவைக் கடலில் இறக்கும் மாப்பிள்ளைக் கலாசிகளுக்கும் இதே பெயர். தமிழகத்து ரயில்வேயில் ஒரு பணிநிலையின் பெயராக அது நெடுங்காலம் இருந்தது. வேலை எதுவாயினும் அதில் கனமான பொருளும் கயிறும் இருக்கும். அதுவே இப்பொருள்களின் பொதுத்தன்மை. மராத்தியில் மாத்தாடி என்றால் தலைச்சுமை தூக்குபவர். 1969-இல் மகாராஷ்டிரம் அவர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. துறைமுகத்தை ஒட்டிய பெருஞ்சாலைக்குக் கப்பல்துறைத் தொழிற்சங்கத் தலைவர் பி. டிமெல்லோவின் பெயரைச் சூட்டியதையும் சொல்ல வேண்டும். ஆளுநர்களின் பெயர் தாங்கிய நகரில் அது சிறிய நீதியன்று.

தாராவியில் ஓர் அண்ணாச்சியோடு சில மாலைகள் பேசினேன். நெல்லைப் பக்கத்தவர், இளமையில் லோபெட் வண்டிகளின் முன்னே மூங்கில் கழியோடு நடந்தவர். சாலையின் குறுக்கே தொங்கும் கம்பிகளைக் கழியால் உயர்த்திப் பிடித்து, சுமை கடந்ததும் விடுவது அவர் வேலை. “ஓட்டுறவன் கண்ணாடிக்குள்ள இருக்கான் தம்பி, அவனுக்குத் தெரியாது. எது கேபிள் கம்பி, எது கரண்டுக் கம்பின்னு நாமதான் பார்த்துச் சொல்லணும்” என்றார். பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை என்பதால் இந்தப் பார்வையெல்லாம் நள்ளிரவில், தெருவிளக்கின் வெளிச்சத்தில். சயான் வட்டத்தைத் தாண்டினால்தான் மூச்சு வரும் என்றார். அங்கே ஒரே இடத்தில் மேம்பாலம், திருப்பம், நடைபாதையில் உறங்கும் மனிதர்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சை அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தபோது, அச்செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அன்று முழுதும் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். முன்னால் கழியோடு ஒருவன் நடந்திருந்தால் என்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவர் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

இப்போது அடுத்த யந்திரங்களின் முறை. மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலுக்காகப் பாந்த்ரா–குர்லா வளாகத்திலிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர் சுரங்கம். அதில் 7 கிலோமீட்டர் தானே கழிமுகத்தின் அடியில். 13 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டம், மெட்ரோ யந்திரத்தைப் போல் இரு மடங்கு. ஜெர்மன் நிறுவனம் சீனத்தில் செய்த யந்திரங்களை இந்தியாவுக்கு அனுப்பச் சீனா தடுக்கிறது என்று 2024 அக்டோபரில் தில்லிக்கு வந்த ஜெர்மன் துணைப் பிரதமரிடம் மத்திய அமைச்சர் பியூஷ் கோயல் வெளிப்படையாகவே முறையிட்டார். அன்றைக்கு அந்த யந்திரங்களின் எல்லை சயானில் இல்லை, ஒரு சீனத் துறைமுகத்தின் சுங்க அலுவலகத்தில் இருந்தது. அங்கிருந்து விடுபட்ட பின்னும் அவை இங்கே துண்டுதுண்டாக, இரவில், 5 கிலோமீட்டர் வேகத்தில், யாரோ ஒருவர் முன்னே நடக்கத்தான் வந்தாக வேண்டும்.

வண்டிக்கு முன்னே கழியோடு நடக்கும் அந்த வேலைக்கு அண்ணாச்சி சொன்ன பெயர் “கம்பி தூக்குறவன்” என்பதுதான். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஓட்டுநர்களிடமோ, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களிலோ இதற்கு வேறு சொல் வழங்குகிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஊர்ப்பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டில் கேட்டீர்கள் என்பதும் சேர்த்திருந்தால் என் பட்டியலுக்குப் பேருதவியாக இருக்கும்.